செத்த வீட்டில் "போட்டு வாறன்" சொன்ன பேராசிரியை

ரெக்ஸ்டேல், ரொறன்ரோ
1996 சித்திரை 21

என்ர மொட்டு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம், நீயும் அவ்விடம் அப்படியே இருப்பாய் என நம்புகிறேன் என்று தொடங்கத்தான் எட்டாம் வகுப்பில் எனக்குப் படிப்பித்தார்கள். செத்துப்போன மகளுக்கு எப்படித் தொடங்குவது என்று படிப்பிக்கவில்லை. ஆகையால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். உன் பேராசிரியை மார்கரெற்றைப் பற்றி உன்னிடம் சொல்ல ஒரு முறைப்பாடு இருக்கிறது.

பங்குனியில் கார் அடித்துச் செத்த உன்னைப் புதைத்த அன்று அவர் எங்கள் அப்பாட்மென்றுக்கு வந்திருந்தார். கறுப்புக் கோட்டு, அழுது சிவந்த மூக்கு, மரியாதையாகத்தான் இருந்தார். போகும்போது வாசலில் திரும்பி நின்று, வீடு நிறைந்த சனத்துக்கு முன்னால் கைகூப்பி, "போட்டு வாறன்" என்று தெளிவாகத் தமிழில் சொன்னார். பிலோமினா மாமி கையிலிருந்த தேத்தண்ணியைச் சோபாவில் ஊற்றிவிட்டார். "செத்த வீட்டில ஆரும் வாறன் எண்டு சொல்லுவினமே? இனி ஆற்ற சாவுக்கு வரப்போறா? ஆர் இந்த மனிசிக்குப் பழக்கினது?" என்று கேட்டார். வேறு யார், நீதான். பழக்கினதுதான் பழக்கினாய், செத்த வீட்டில் சொல்லாமல் எழும்பிப் போகவேண்டும் என்பதையும் சேர்த்துப் பழக்கியிருக்கலாம். அகஸ்ரின் மாமா அன்றைக்குப் பயத்தில் பிக்கரிங்கில் தன் வீடு வரைக்கும் ஹைவேயில் அறுபதிலேயே ஓட்டினாராம். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹோர்ன் அடித்தார்களாம்.

சொன்ன சொல் தவறாமல் முப்பத்தோராம் நாள் பூசைக்கு அவர் வந்து நின்றார். தனியாக அல்ல, உன் வியாழக்கிழமைப் பெண்கள் ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு. நாலு வருஷமாக நான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்த கூட்டம். விமானச் சாப்பாடு கட்டுகிற பக்டரியில் எனக்குக் கிழமைக்கு லீவு ஒரே ஒரு வியாழன், அன்றைக்குத்தான் உனக்கும் கூட்டம். கல்லைப் பற்றிப் படிக்கிற இடத்தில் பெண்கள் கூடி என்னதான் கதைக்கிறீர்கள் என்று கேட்டால், "சப்போட் குறூப் அம்மா" என்பாய். பெற்ற தாய் இங்கே இருக்க வெளியில் என்ன சப்போட் என்று நான் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் உனக்குச் சாப்பாடு கட்டித் தருவேன்.

பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. உனக்கு விருப்பம் என்று நண்டுக்கறி வைத்திருந்தேன். இந்தச் சனம் இதை எப்படித் தின்னப் போகுது என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, மார்கரெற் சட்டைக் கையை மடித்துவிட்டு, நண்டுக்காலைக் கடித்து உடைத்து, உள்ளிருப்பதை உறிஞ்சினார். மற்ற ஐந்து பேரும் அப்படியே. பிலோமினா மாமிதான் முள்ளுக்கரண்டி தேடிக்கொண்டு திரிந்தார்.

அகஸ்ரின் மாமா மொழிபெயர்த்தார். "தங்கச்சி, நாலு வருஷமா இவை வியாழக்கிழமையில உம்மட சாப்பாடுதானாம் சாப்பிட்டது."

மார்கரெற் சொன்ன கதை இது: கம்பசில் உன் கல்லுப் படிப்புப் பகுதியில் படிப்பிக்கிற ஆம்பிளைகள் இருபத்தேழு பேர், பெண் மார்கரெற் ஒருவர். பதினொரு வருஷம் அறையைப் பூட்டிக்கொண்டு தனியே சாப்பிட்ட மனிசி. ஒரு நாள் கறி மணத்தின் பின்னால் போக, நீ படிக்கட்டில் தனியே இருந்தாயாம். பக்கத்தில் போய் இருந்தாராம். கூட்டம் தொடங்கினது அப்படித்தானாம். பிறகு வருகிற ஒவ்வொரு புதுப் பிள்ளைக்கும், அடிபட்டு மேலே வந்த ஒருத்தியைத் துணைக்கு விடுவார்களாம்: அவளின் ஆராய்ச்சியை இன்னொருவன் தன் பேரில் போட்டால் எங்கே முறையிடுவது, எவனுடைய அறைக்குத் தனியே போகக்கூடாது, எல்லாம் சொல்லிக் கொடுக்க. அப்படிப்பட்டவருக்கு மென்டர் என்று பேராம். பக்டரியில் புதிதாய் வருகிற பெட்டையளுக்கு நானும் இதைத்தானே செய்கிறேன், என்னை ஒருவரும் ஒரு பேரும் சொல்லிக் கூப்பிடவில்லை.

பிறகு மார்கரெற் என் கையைப் பிடித்தார். கானாவிலிருந்து ஒரு பிள்ளை வந்திருக்கிறாளாம், ஒருவரோடும் கதைக்கிறாள் இல்லையாம். வியாழக்கிழமை நான் வரவேண்டுமாம்.

"என்ர பிள்ளை இல்லாத இடத்தில எனக்கு என்ன வேலை? இனி என்னட்டையும் வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ அண்ணை," என்றேன். அண்ணை என்னத்தை மொழிபெயர்த்தாரோ, மார்கரெற் தலையாட்டிச் சிரித்துவிட்டு, வாசலில் நின்று மறுபடியும் "போட்டு வாறன்" என்றார். பிலோமினா மாமி சிலுவை போட்டுக்கொண்டார்.

போன கிழமை சுப்பவைசரிடம் வியாழனும் வேலை தரச்சொல்லிக் கேட்டேன். ஏன் என்றான். வீட்டில் சத்தமே இல்லை என்பதை இங்கிலிஷில் எப்படிச் சொல்வது? தலையிடி என்று சொன்னேன். இரண்டு ரைலனோல் தந்து, வியாழக்கிழமை நல்லாய் ஓய்வெடு என்றான்.

ஆனாலும் அங்கே போகமாட்டேன். இது முடிவு.

தேவதாய் உன்னைத் தன் பக்கத்திலேயே வைத்திருக்கட்டும். குளிருக்குக் கழுத்தை மூடு என்று எழுதக் கை வருகிறது, எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

உன் அம்மா,
கிளடிஸ்

பி.கு. (சித்திரை 26, வெள்ளி): மேலே எழுதின முடிவை விட்டுவிடு. நேற்று வியாழன். பத்து மணி வரைக்கும் வீட்டில் இருந்து பார்த்தேன், ஏலவில்லை. எட்டு நண்டைக் கறி வைத்துக்கொண்டு இரண்டு பஸ்ஸும் சப்வேயும் எடுத்துப் போய்விட்டேன். பக்கத்தில் இருந்த ஆள் மணத்துக்கு எழும்பி நின்றுகொண்டான். கானாப் பிள்ளையின் பேர் அபேனா. கதை ஒன்றும் இல்லை, ஆனால் இரண்டு நண்டு சாப்பிட்டாள். அடுத்த வியாழன் உறைப்பைக் கூட்டச் சொன்னாள்.

மார்கரெற் கடைசி நண்டை என் பக்கம் தள்ளிவிட்டு, எனக்கு விளங்கட்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். நான் கட்டித் தந்த சாப்பாட்டில் நீ ஒரு நாளும் கை வைத்ததில்லையாம். நீங்கள் சாப்பிடுங்கோ, அம்மா காலமையே வயிறு நிறையத் தந்துதான் விட்டவ என்று சொல்லுவியாம். என்னட்டை, "இப்ப பசிக்கேல்லை அம்மா, கம்பசில சாப்பிடுவன், கூடக் கட்டுங்கோ" எண்டு வெறும் தேத்தண்ணியோட ஓடுவாய். நாலு வருஷம். வியாழக்கிழமையில நீ என்னதான் சாப்பிட்டனி, மொட்டு?