குப்பைத் தொட்டியில் பதினொரு மாப்பிள்ளைகள்

நான் கணினி படிப்பித்தவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்துத் திட்டுவதைவிட அது மரியாதை.

யுத்தத்தின் கடைசி ஆண்டுகள். வெள்ளவத்தையில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில், எட்டுக் கணினிகளோடு நடந்த வகுப்பில் நான் 'சேர்'. (எட்டில் ஐந்துதான் வேலை செய்யும். மற்ற மூன்றும் விளம்பரத்துக்கு.) மூன்றாம் பாடத்தில் நான் சொல்லி எழுதுவிக்கும் குறிப்பு இன்றும் மனப்பாடம்: 'அழித்த கோப்பு அழிவதில்லை. அது குப்பைத் தொட்டிக்குப் போகிறது. தொட்டியையும் வெறுமையாக்க வேண்டும். அதன் பிறகும் விஷயம் தெரிந்தவன் மீட்டெடுப்பான்.' இதை எழுதாத பிள்ளைகளை எழுப்பி நிறுத்தியும் இருக்கிறேன்.

அக்கா வதனிக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா ஓய்வுபெற்ற தபாலதிபர். எதையும் பதிந்து வைக்காவிட்டால் அவருக்கு நித்திரை வராது. வந்த சம்பந்தங்களையெல்லாம் என் மடிக்கணினியில் அட்டவணையாகப் போடச் சொன்னார். பெயர், ஊர், தொழில், நட்சத்திரம். கடைசியில் இரண்டு கட்டங்கள்: 'சொன்ன காரணம்', 'உண்மைக் காரணம்'.

எங்கள் ஆட்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு இடம் பிடிக்கவில்லை என்றால் நாங்கள் பிடிக்கவில்லை என்று சொல்லமாட்டோம். 'குறிப்புப் பொருந்தேல்லையாம், சாத்திரியார் சொல்லிப்போட்டார்' என்போம். பழி கிரகத்தோடு போய்விடும், பிறகு கோயிலில் கண்டால் இரண்டு வீட்டாரும் சிரிக்கலாம். ஆனால் எந்த வீட்டுக்கு எந்தக் கிரகத்தைச் சொன்னோம் என்பது மறந்துபோனால் மானம் போகும். அதற்குத்தான் அட்டவணை. எங்கள் வீட்டுக்குச் சாதகக் குறிப்புப் பார்க்கும் சாத்திரியார் என்று ஒருவர் இருந்ததே இல்லை. கிரகங்களைத் தெரிவுசெய்தவர் அப்பா, தட்டியவன் நான். என் சொந்தச் சரக்கும் இடையிடையே சேர்ந்தது. அக்காவுக்குக்கூட 'சொன்ன காரணம்' மட்டும்தான்.

பிறகு லண்டன் சித்தப்பா ஒரு புதிய கணினி அனுப்ப, பழையதை விற்க நினைத்தேன். கேள்விப்பட்டுக் கொட்டாஞ்சேனையிலிருந்து யோகம் அன்ரி தொலைபேசி எடுத்தார். அவருடைய மகன் சுதனுக்கும் எங்கள் வீட்டில் ஒரு வருடத்துக்கு முன் பேச்சு நடந்து, ஏழாமிடத்துச் செவ்வாயால் நின்றுபோயிருந்தது. அதில் அவருக்கு எங்கள்மேல் துளி வருத்தமும் இல்லை.

"மகன் இப்ப வெளியிலை போறதே குறைவு தம்பி. வீட்டிலை இருந்து ஏதும் படிக்கட்டும். தெரியாத ஆக்களிட்டை வாங்கப் பயமாக் கிடக்கு. நீங்கள் நல்ல சனம்."

நல்ல சனம் துப்புரவில் இறங்கியது. விசைகளுக்கிடையே கிடந்த மிக்சர் துகள்களைப் பஞ்சால் எடுத்தேன். மூடியிலிருந்த சந்தனப் பொட்டைச் சுரண்டினேன். வழியில் சோதனைச் சாவடியில் திறக்கச் சொல்வார்களே என்று, திரையில் இருந்த முருகனை எடுத்துவிட்டுச் சூரியகாந்தித் தோட்டம் ஒன்றைப் போட்டேன். கோப்புகள் எல்லாவற்றையும் தெரிவுசெய்து, ஒரே அமுக்கில் அழித்தேன். மூலையில் குப்பைத் தொட்டி கசங்கிய கடதாசிகளோடு நிறைந்து நின்றது. அதைக் கண்ணால் கண்டேன். கண்டுவிட்டு மூடினேன்.

சாவடியில் ஆமிக்காரர் திறந்து பார்த்து, "லஸ்ஸனய்" என்று பூக்களைப் பாராட்டினார். என் பாதுகாப்பு ஏற்பாட்டை நினைத்து நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

ஒரு கிழமை கழித்து யோகம் அன்ரி மறுபடி அழைத்தார். "தம்பி, உங்கட சாமான் ஏதோ அதுக்குள்ளை கிடக்காம். வந்து எடுக்கட்டாம் எண்டு மகன் சொல்லுறான்." என் பழைய படங்களாக்கும் என்று, பஸ்ஸில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனேன்.

சுதன் என்னைவிட ஐந்து வயது மூத்தவர், மெலிந்த, அமைதியான மனிதர். கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோ தம்பி" என்றார். திரையில், தொட்டியிலிருந்து மீட்டெடுத்த எங்கள் அட்டவணை விரிந்து கிடந்தது.

அவர் சத்தமாக வாசித்தார். "மூண்டாவது ஆள். சொன்ன காரணம், கணப் பொருத்தம் இல்லை. உண்மைக் காரணம், கதைக்கும்போது எதிரில் இருப்பவர் குடை பிடிக்க வேண்டும்." வாசித்துவிட்டுச் சிரித்தார். "ஆறாவது, கனடா. சொன்ன காரணம், ராகு. உண்மைக் காரணம், தலைமயிர் படத்தில் மட்டும்." இன்னும் பலமாகச் சிரித்தார். "இது அப்பா சொன்னதோ?"

"இல்லை அண்ணை, அது என்ரை" என்றேன். (பெருமையோடு. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றும் தலையில் குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.) அவர் சிரிக்கச் சிரிக்க எனக்கும் தைரியம் வந்து, எட்டாவது ஆளின் தாயார் நடப்பதைக்கூட நடித்துக் காட்டினேன். பத்து வரை இப்படியே வந்தோம். பதினொன்று யார் என்பது எனக்கு அடியோடு மறந்துபோயிருந்தது.

அவர் அதே குரலில்தான் வாசித்தார். "பதினொண்டு. சொன்ன காரணம், ஏழில் செவ்வாய். உண்மைக் காரணம், நாலு மாதம் உள்ளே இருந்தவர். எடுத்தால் எங்கள் வீட்டுக்கும் பொலிஸ் வரும்."

சுற்றிவளைப்பு ஒன்றில், லொட்ஜில் நித்திரையாகக் கிடந்தவரைக் கொண்டுபோனார்கள். குற்றம் ஒன்றும் இல்லையென்று விட்டுவிட்டார்கள். அது எங்களுக்கும் தெரியும். தெரிந்துதான் தட்டினேன்.

"நாலு மாசம் இல்லைத் தம்பி" என்றார். "மூண்டு மாசமும் பத்து நாளும்."

அந்த நேரத்தில் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்? காலில் விழலாம், அழலாம். நான் கணினியை என் பக்கம் இழுத்து, 'நாலு மாதம்' என்பதை அழித்து, 'மூன்று மாதமும் பத்து நாளும்' என்று திருத்தினேன். திருத்திச் சேமிக்கவும் செய்தேன். அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யோகம் அன்ரி தேத்தண்ணி கொண்டுவந்தார். இரண்டு கோப்பைதான். "உங்களுக்கு இல்லையோ அன்ரி?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை எல்லே. உங்கட சாத்திரியார் சொன்ன நாளிலை இருந்து விரதம் பிடிக்கிறன். இவன்ரை செவ்வாய் தணியட்டும் எண்டு. வருஷம் ஒண்டாச்சு."

ஒரு வருடம். அந்தச் செவ்வாயை அப்பா கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

அவர் குசினிக்குள் போனதும் சுதன் குரலைத் தாழ்த்தினார். "அம்மாவுக்கு இதைக் காட்டேல்லை. நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ. செவ்வாய்க்கு எண்டால் விரதம் இருக்கு. பொலிசுக்கு அவ என்ன விரதம் பிடிக்கிறது?" பிறகு, நான் பிள்ளைகளுக்குப் படிப்பித்த முறைப்படியே, கோப்பை அழித்து, குப்பைத் தொட்டியையும் அவரே வெறுமையாக்கினார். மன்னிப்புக் கேட்கும் வசனம் எனக்குப் படியிறங்கும்போதுதான் வந்தது. திரும்பி ஏறாமல் பஸ்ஸைப் பிடித்தேன்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அக்காதான் எழுந்தாள். "எனக்கு அவரைப் பிடிச்சுத்தான் இருந்தது. நீங்கள் செவ்வாய் எண்டியள், நான் பேசாமல் இருந்தன். இனி எனக்கு ஒருதரும் பாக்க வேண்டாம்." வெட்கத்தைவிட்டுச் சுதன் வீட்டுக்குத் திரும்பப் பேச்சுக் கொண்டுபோகலாம் என்று நான் சொன்னதற்கு, "எந்த முகத்தோடை?" என்றாள். இரண்டு வருடம் கழித்துத் பள்ளிக்கூடத்தில் தன்னோடு படிப்பித்த ஒருவரைத் தானே பார்த்துக் கலியாணம் முடித்தாள். குறிப்பு எதுவும் பார்க்கப்படவில்லை.

இன்று எங்கள் குடும்பத்தில் யாராவது பழைய தொலைபேசியை விற்கப்போனால், அக்காவின் மகள், "மாமாவிட்டைக் குடுக்காதேங்கோ, முருகனைக் காப்பாத்திப்போட்டு மாப்பிள்ளையளை விட்டிடுவார்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அக்காவின் கலியாண வீட்டில் நடந்ததை மட்டும் நான் யாருக்கும் சொல்லவில்லை. சுதன் அந்தக் கணினியிலேயே படித்து, வேலை கிடைத்து, அப்போது நோர்வேக்குப் போய்விட்டிருந்தார். யோகம் அன்ரி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உங்கட சாத்திரியார் சொல்லியிராட்டி நான் விரதம் பிடிச்சிருக்க மாட்டன் தம்பி. பிள்ளையும் தப்பிப் போயிருக்க மாட்டான். அந்த மனுசனை ஒருக்காக் காண வேணும். எங்கை இருக்கிறார்?"

"அவர் மோசம் போயிட்டார் அன்ரி" என்றேன்.

சாவுச் செய்தி கேட்டு அவருடைய கண் கலங்கிவிட்டது. பெயர் என்ன, நட்சத்திரம் என்ன என்று கேட்டார். வாயில் வந்ததைச் சொன்னேன். அந்தப் பெயருக்கு வருடாவருடம் கோயிலில் மோட்ச அர்ச்சனை செய்விக்கிறாராம்.