மெக்கானிக் அக்காவின் லீவு

மெக்கானிக் அக்கா செத்துப்போவதற்கு வசனகர்த்தா ஒப்புக்கொள்ளவே இல்லை.

திரையில் அவள் ஒரு குட்டி விண்கலத்தில் ஏறினாள். கதவு மூடியது. கலம் மெல்ல நகர்ந்து, ஒரு கருமேகத்துக்குள் புகுந்து மறைந்தது. கேப்டன் ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்து விசும்பினார். வசனகர்த்தாவின் கையிலிருந்த தாளில், 'நம்மைக் காப்பாற்ற உயிரையே கொடுத்துவிட்டாள்' என்று இருந்தது.

"இவனுங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சுடுச்சா?" என்றார் வசனகர்த்தா.

"எவனுங்களுக்கு?" என்றான் ஒலிப்பதிவு அறைக்காரன். எந்நேரமும் எதையாவது அமுக்கிக்கொண்டே இருப்பதால் அவனுக்குப் பொத்தான் என்று பெயர்.

"எழுதினவனுங்களுக்குத்தான்! ஹேர்பின்னை வெச்சு இன்ஜினையே ஓட்டினவடா அவ. சீசன் மூணுல, பாதிக் கப்பல் உடைஞ்சு தொங்கறப்போ, ஒத்தை ஆளா வெல்டிங் வெச்சுக் கரைசேர்த்தா. அவ போய் ஒரு மேகத்துல மாட்டிச் சாவாளா?"

"எனக்கென்னண்ணே தெரியும்? நான் சத்தத்தோட அளவு மட்டும்தான் பாக்கறேன்."

'அந்தரக் கப்பல்' என்ற அந்தத் தொடர் பதினெட்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. வசனகர்த்தா முதலில் அதன் ரசிகர். பிறகுதான் அதற்கு நம் மொழியில் குரல் கொடுக்கும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். நடிகர்கள் படத்தில் பேசும் மொழியில் அவருக்கு அட்சரம் தெரியாது. யாரோ ஒருவர் அதை இவருக்குத் தெரிந்த இன்னொரு மொழியில் எழுதி அனுப்புவார். அதைப் பார்த்து, உதட்டசைவுக்குப் பொருந்துகிற மாதிரி இவர் எழுத வேண்டும். இதுதான் வேலை.

மற்றபடி அவருக்கு இருந்ததெல்லாம் அபிப்பிராயங்கள். முதல் நாலு சீசன் தங்கம், ஐந்தாவது பித்தளை. ஆறாவதில் எல்லோரும் சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்கிப்போகும் எபிசோடு தூக்கக் கலக்கத்தில் எழுதியது. பனிக்கிரகத்துக் கதையைப் பார்த்துவிட்டு அழாதவன் மனுஷனே இல்லை. நீதிமன்ற எபிசோடு நல்லதுதான். ஆனால் வக்கீலாக வரும் இயந்திரத்தைப் பாதியிலேயே அணைத்துத் தொலைத்திருக்கலாம். ஆபீசுக்குப் புதிதாக வருகிறவர்கள் கழிப்பறை எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே இதையெல்லாம் தெரிந்துகொண்டுவிடுவார்கள்.

சாயங்காலம் அந்தக் காட்சியை வீட்டுக் கணினியில் போட்டுப் போட்டுப் பார்த்தார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி இரண்டு முறை பொறுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, யாரு செத்தா இப்படி மூஞ்சிய தொங்கப் போட்டிருக்கீங்க?"

"மெக்கானிக் அக்கா."

"உங்க ஆபீஸ்லயா?"

"கப்பல்ல."

அவள் ஒரு தலையணை உறையை உதறியபடி திரையை எட்டிப் பார்த்தாள். "இந்தப் பொண்ணா? இது வாயும் வயிறுமா இருக்கற மாதிரியில்ல இருக்கு."

வசனகர்த்தா நிமிர்ந்தார். படத்தைப் பின்னால் ஓட்டினார். முந்தின எபிசோடு, அதற்கும் முந்தினது என்று தேடினார். உண்மைதான். மெக்கானிக் அக்கா கொஞ்ச நாளாகவே பீப்பாய்க்குப் பின்னால்தான் நிற்கிறாள். பீப்பாய் இல்லாத இடத்தில் கையில் ஒரு பெரிய பெட்டி. பெட்டியும் இல்லாவிட்டால், கூடாரம் மாதிரி ஒரு கோட்டு.

"அந்த நடிகை மாசமா இருக்கா. அதுக்குப் பயந்துபோய், இந்தப் பாவிங்க கதையில அவளைத் தீர்த்துக் கட்டிட்டாங்க!"

"அதுக்கு நீங்க என்ன பண்ண முடியும்? வசனம் எழுதறவர்தானே? சாகலைன்னு எழுதிட்டு, வந்து சாப்பிடுங்க."

அவள் பேச்சுவாக்கில் சொன்னதுதான். அவருக்கு அது தெய்வவாக்காகப் பட்டது.

மறுநாள் கேப்டனுக்குக் குரல் கொடுப்பவர் ஒலிவாங்கி முன்னால் நின்று தாளைப் படித்தார். "போயிட்டு வாம்மா. இனி மூணு மாசம் உனக்குப் பிரசவ லீவு, சுகப்பிரசவம் ஆகணும்... என்ன சார் இது? நான் அழணுமா, சிரிக்கணுமா?"

"அழுங்க. ஆனா அது ஆனந்தக் கண்ணீர்."

பொத்தான் ஓட்டிப் பார்த்தான். கேப்டனின் உதடு கடைசியில் 'ம்' என்று மூடியது. 'சுகப்பிரசவம் ஆகணும்' அதில் அச்சுவார்த்த மாதிரி உட்கார்ந்தது.

"அண்ணே, 'கொடுத்துட்டா'ன்னு சொன்னா வாய் தொறந்தே நிக்கும். இதுதான் கச்சிதமா இருக்கு."

"கதை தெரிஞ்சவன் எழுதினா அப்படித்தாண்டா," என்றார் வசனகர்த்தா.

மேனேஜர் பார்த்தார். அவர் பார்ப்பது உதடும் நேரமும் மட்டும்தான். இரண்டும் சரி. கையெழுத்துப் போட்டார். எபிசோடு ஒளிபரப்பானது.

அடுத்த வார எபிசோடு வந்ததும்தான் வசனகர்த்தாவுக்குச் சிக்கல் புரிந்தது. கப்பல் ஆட்கள் எல்லோரும் ஒரு கூடத்தில் தலைகுனிந்து வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் ஒரு நாற்காலி; அதன்மேல் மெக்கானிக் அக்காவின் கோட்டு. ஒருவரும் மூச்சுவிடவில்லை. தாளில் 'இரங்கல் கூட்டம்' என்று போட்டிருந்தது.

"இப்ப என்னண்ணே பண்ணப் போறீங்க?" என்றான் பொத்தான்.

வசனகர்த்தா பென்சிலைக் கடித்தார். பிறகு, கேப்டன் முதுகைத் திருப்பிக்கொண்டிருந்த நேரம் பார்த்து ஒரு வரியை நுழைத்தார். "சத்தம் போடாதீங்கப்பா. இன்னும் கொஞ்ச நேரத்துல ரேடியோல சேதி வந்துடும்."

கொஞ்ச நேரத்தில் கேப்டன் திரும்பி, குலுங்கிக் குலுங்கி அழுதார். "பெண் குழந்தையாம்!" என்று அழ வைத்தார் வசனகர்த்தா. சுற்றி நின்றவர்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்களுக்கு வேறு வழியில்லை.

மூன்றாவது வாரம் இன்னும் மோசம். மேகத்தில் வசிக்கும் ஜீவராசிகளைப் பழிவாங்கக் கேப்டன் போர் தொடுக்கிறார். மேசையைக் குத்துகிறார். துப்பாக்கியைத் தூக்குகிறார். தாளில், 'அவளைக் கொன்ற உங்களைப் பூண்டோடு அழிப்பேன்' என்று இருந்தது. சாகாதவளுக்காக யாரைப் பழிவாங்குவது? காலை முழுக்க யோசித்தார். கடைசியில் மேக ஜீவராசிகள் அவளுடைய லீவை நீட்டித்துக் கொடுக்க மறுத்துவிட்டார்கள் என்று எழுதினார்.

"பச்சை உடம்புக்காரிய வேலைக்குக் கூப்பிடறீங்களாடா!" என்று கர்ஜித்தபடி கேப்டன் பீரங்கியை முழக்கினார். நட்சத்திரங்கள் சிதறின.

பதிவு முடிந்ததும் கேப்டன் குரல்காரர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை வருஷத்துல இவ்வளவு நியாயமான சண்டைய நான் போட்டதே இல்ல சார்."

ஜனங்களுக்கும் அப்படித்தான் பட்டது. பேருந்தில் பெண்கள் அந்தப் போரைப் பற்றிப் பேசினார்கள். இதுவரை அந்தத் தொடரை ஏறெடுத்தும் பார்க்காதவர்கள் குழந்தைக்காகப் பார்க்க ஆரம்பித்தார்கள். தொடரைத் தயாரிக்கும் சொந்தக் கம்பெனிக்கு, கடல் தாண்டி, செய்திமேல் செய்தி போயிற்று: குழந்தை எப்படி இருக்கிறது? பால் குடிக்கிறதா? யார் ஜாடை? பெயர் வைத்தாயிற்றா?

ஒரு திங்கட்கிழமை காலை மேனேஜர் வசனகர்த்தாவைக் கூப்பிட்டனுப்பினார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"யோவ் வசனம், எந்தக் குழந்தைய்யா?"

"எந்தக் குழந்தை சார்?"

"அதைப் பத்தித்தான் அவங்க கேக்கறாங்க. சொந்தக் கம்பெனியிலேர்ந்து ஒரு அம்மா நேர்ல வர்றாங்களாம். கதை இலாகாவுக்கே அவங்கதான் தலைவியாம். 'மெக்கானிக் பாத்திரம் உங்க மொழியில என்ன ஆச்சு, அதை யார் எழுதினது'ன்னு கேட்டிருக்காங்க." மேனேஜர் இங்கிருந்து போன தாளையும் அங்கிருந்து வந்த தாளையும் அருகருகே விரித்தார். படிக்கப் படிக்க அவருடைய மூக்குக் கண்ணாடி இறங்கிக்கொண்டே வந்தது. "அடப்பாவி மனுஷா! செத்தவளுக்குப் பிரசவம் பார்த்திருக்கியே!"

"சார், அந்த எபிசோடு ரொம்ப மோசமான எபிசோடு. எல்லாரும் சுருங்கிப்போற எபிசோடைவிட..."

"உன் அபிப்பிராயத்தைக் கொண்டுபோய் உடைப்பில போடு! அந்தம்மா வர்றதுக்குள்ள அவ சாகணும். இந்த வார எபிசோடுலயே சாகணும். இல்லேன்னா நீ வீட்டுக்குப் போகணும். உன்கூட நானும் போகணும்."

வசனகர்த்தா தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். பனிக்கிரகத்துக் கதையில், கைவிரல்கள் விறைத்துப்போன நிலையிலும் ஸ்பேனரைக் கீழே விடாமல் பல்லில் கவ்விக்கொண்டு வேலை செய்த அவளுடைய முகம் அவர் கண்முன் வந்தது. அவளைத் தன் கையாலேயே கொல்ல வேண்டும். எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். 'செத்துட்டா' என்ற சொல் மட்டும் பென்சிலிலிருந்து இறங்க மாட்டேன் என்றது. கடைசியில், "அக்கா போய்ச் சேர்ந்துட்டாங்க" என்று மழுப்பினார்.

ஒளிபரப்பானதும் பாதிப் பேர் அவள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள் என்று நினைத்துக்கொண்டு வாழ்த்துச் சொன்னார்கள். மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். அந்த வசனத்தை அழித்துவிட்டு, மறு ஒளிபரப்பில், "மெக்கானிக் அக்கா இறந்துட்டாங்க. நிச்சயமா இறந்துட்டாங்க" என்று தானே ஒலிவாங்கி முன்னால் நின்று சொன்னார். கேப்டனுக்குத் திடீரென்று கீச்சுக்குரல் வந்துவிட்டது.

அதன் பிறகு ஆபீஸ் தொலைபேசியைக் கீழே வைக்க முடியவில்லை. பச்சைக் குழந்தையின் தாயைக் கொன்ற நீங்கள் நன்றாக இருப்பீர்களா என்று கேட்டார்கள். குழந்தையை நாங்கள் வளர்க்கிறோம், முகவரி கொடுங்கள் என்று ஒரு தம்பதி வாசலிலேயே வந்து நின்றார்கள். மேனேஜரின் மாமியார் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மனைவி தட்டைக் கொஞ்சம் ஓங்கியே வைத்தாள்.

"கொன்னுட்டீங்களாமே?"

"நான் எங்கே கொன்னேன்? அவங்க கொன்னதைச் சொன்னேன். நீதானே செத்தா சாகட்டும்னே?"

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்? சாகலைன்னு எழுதச் சொன்னேன். ஒழுங்கா கேட்டிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?"

வியாழக்கிழமை அந்த அம்மாள் வந்துவிட்டாள். நரைத்த தலை, குட்டைக் கைப்பை, சிரிக்காத வாய். கூடவே துபாஷியாக ஓர் ஒல்லியான மனிதர். அவள் பேசியதை நம் மொழியிலும் நாம் பேசியதை அவள் மொழியிலும் சொல்வதுதான் அவர் வேலை. பதிவு அறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மேனேஜர் தொண்டையைக் கனைத்தார்.

"முதல்ல ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. ஆனா அவங்க வர்றதுக்குள்ள சரி பண்ணிட்டோம்னு சொல்லுங்க. இப்ப நூத்துக்கு நூறு செத்தாச்சு."

ஒல்லி மனிதர் சொன்னார். அந்த அம்மாளின் புருவம் நெரிந்தது. அவள் ஏதோ படபடவென்று பேசினாள். மெக்கானிக் அக்கா கலத்தில் ஏறும் காட்சியைப் போடச் சொல்லிச் சைகை காட்டினாள். பொத்தான் போட்டான். பழைய குரல் ஒலித்தது: 'இனி மூணு மாசம் உனக்குப் பிரசவ லீவு...' ஒல்லி மனிதர் அவள் காதில் முணுமுணுத்தார். அம்மாள் திரையையும் சுற்றியிருந்தவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வசனகர்த்தாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எழுந்து நின்றார்.

"இதை எழுதினது நான்தான். மேனேஜருக்கோ இந்தப் பொத்தானுக்கோ இதுல சம்பந்தமில்ல. வேலைய விட்டுத் தூக்கணும்னா தூக்கட்டும். ஆனா ஒண்ணு, பதினெட்டு வருஷமா பார்க்கறவன் சொல்றேன். அவளைக் கொன்னது மகா தப்பு. அந்த எபிசோடை எழுதினவனுக்குக் கப்பலும் தெரியல, அவளையும் தெரியல. இதையும் அப்படியே சொல்லுங்க."

"யோவ், உட்காருய்யா," என்று மேனேஜர் அவருடைய சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார்.

ஒல்லி மனிதர் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். அறையில் பொத்தான்கூட எதையும் அமுக்கவில்லை. அந்த அம்மாள் எழுந்தாள். நேராக வசனகர்த்தாவிடம் வந்தாள். அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, சுருக்கமாக ஒரு கேள்வி கேட்டாள். அதில் சூடு இருந்தது.

"என்ன சொல்றாங்க?" என்றார் மேனேஜர், பாதி எழுந்த நிலையில்.

ஒல்லி மனிதர் சங்கடத்தோடு கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

"சார், நிஜக் கதையில மெக்கானிக் அக்கா சாகவே இல்லையாம், பிரசவ லீவுலதான் போனாங்களாம். நடுவுல வேற மொழியில எழுதி அனுப்பறவருக்கு அவங்களைக் கண்டாலே ஆகாதாம், அவரே கொன்னுட்டாராம். எல்லா ஊர்லயும் செத்துப்போனவங்க இங்க மட்டும்தான் உயிரோட இருந்தாங்க, அதை எதுக்குத் திருத்தினீங்கன்னு கேக்கறாங்க."