மலையேறி வந்த சின்னானுக்கு எத்தனை பிள்ளைகள்?

குண்டூர் நாடு,
கொல்லிமலை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் மணிவண்ணன் அவர்களுக்கு, தங்கள் தங்கை ருக்குமணியின் வீட்டுக்காரன் குப்புசாமி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு நானும் ருக்குமணியும் ஆர்த்தியும் மாடு கன்றுகளும் சுகம். மிளகு இந்த வருஷம் சுமார்தான். மரவள்ளிக் காட்டில் பன்றி இறங்குகிறது. தாங்களும் அக்காவும் திருப்பூரில் சுகமாக இருக்கக் குலதெய்வத்தை வேண்டுகிறேன். சுகம் என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டேன். உண்மையில் இங்கே ஒன்றும் சுகமில்லை. வைகாசியில் வைத்திருக்கும் நம் ஆர்த்தி கல்யாணம் நடக்குமா, நடக்காதா, நடந்தால் அது கல்யாணமா இல்லை மகாபாவமா என்பது எனக்கு விளங்கவில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சோறு பிசைகிற ஆள் நீங்கள். நான் பேசுவதை உங்கள் பனியன் கம்பெனி முழுக்கக் கேட்கும். அதனால்தான் கடிதம். இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. போன வெள்ளிக்கிழமை நீங்கள் பட்டுக்கரை வேட்டியில் காளப்பநாயக்கன்பட்டி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு நின்றதாக, நான் கண்டக்டராக இருந்த பஸ்ஸின் டிரைவர் வந்து சொன்னார். அடிவாரம் வரை வந்தவர் தங்கை வீட்டுக்கு ஒரு எட்டு ஏறாமல் போய்விட்டீர்களே என்று ருக்குமணியிடம் கேட்டேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுக்கும் வருத்தம்தான் போலிருக்கிறது.

இதையெல்லாம் ஆரம்பித்தது நீங்கள்தான், மச்சான். நிச்சயதார்த்தத்தன்று பந்தியில் உட்கார்ந்துகொண்டு, திருப்பூரில் யாரோ அச்சடித்த கல்யாணப் பத்திரிகையைப் போனில் காட்டினீர்கள். அதில் பெண் வீட்டு வம்சம் மரம் மாதிரி கிளை கிளையாகப் போட்டிருந்தது. "ஏனுங்க மாப்ள, இந்த மலையில மொதமொதல்ல காடு திருத்துனது எங்க ஆளுங்கதான்னு வாய் வலிக்கச் சொல்றீங்களே, அத இந்த மாதிரி போட்டா என்னங்க?" என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டு நீங்கள் பாயசத்துக்குப் போய்விட்டீர்கள், நான் அங்கேயே நின்றுவிட்டேன். ரிட்டையர் ஆனதிலிருந்து சும்மா இருக்கிறவன் நான். சர்வீஸ் முழுக்க எல்லோரையும் எங்கே ஏறினீர்கள், எங்கே இறங்கப் போகிறீர்கள் என்று கேட்டவன், என் முன்னோர் எங்கே ஏறி எங்கே இறங்கினார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதோடு ஒரு ஆசையும் சேர்ந்துகொண்டது. உங்களிடம் மறைப்பானேன்? எங்கள் ஊர்க் கோயில் நோம்பித் திருவிழாவில் முதல் மாலை அண்ணாமலை வீட்டுக்குத்தான் போகிறது. அவர்கள் வீட்டார்தான் முதலில் வந்து குடியேறியவர்கள் என்று ஒரு பேச்சு. வருஷா வருஷம் நான் அவருக்குப் பின்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பேன். அவர் மாலையோடு திரும்பி என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நீங்கள் பார்த்திருந்தால் நீங்களும் வம்சம் தேடப் புறப்பட்டிருப்பீர்கள்.

ஆகவே கீழே இறங்கிப்போய், ஆபீஸில் மனுப் போட்டுப் பழைய நிலப் பதிவுகளை எடுக்கச் சொன்னேன். அங்கிருந்த அம்மணி தும்மித் தும்மி எடுத்துக் கொடுத்தார். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது நம் வழக்கம் அல்லவா? சின்னான் மகன் குப்புசாமி, குப்புசாமி மகன் சின்னான், அந்தச் சின்னான் மகன் மறுபடி ஒரு குப்புசாமி என்று, மேலே போன பஸ் கீழே வந்து மறுபடி மேலே போகிற மாதிரி பக்கத்துக்குப் பக்கம் அதே இரண்டு பெயர். "ஏனுங்க, இதுல நீங்க எந்தக் குப்புசாமிங்க?" என்று அந்த அம்மணி கேட்டார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒன்றைத் தொட்டுக் காட்டினேன். "அவரு செத்துப்போயிட்டாருங்களே!" என்றார். ஒரு பக்கத்தில் சின்னான் புளியஞ்சோலைக்காரர், இன்னொரு பக்கத்தில் சின்னான் குண்டூர் நாட்டுக்காரர். இரண்டு பேரும் ஒருவரா, தாத்தனும் பேரனுமா, யாருக்கும் யாருமில்லையா? நெடுநேரம் யோசித்தேன், தலைதான் சுற்றியது. கடைசியில் புளியஞ்சோலையில் ஏறிக் குண்டூர் நாட்டில் இறங்கியவர் ஒரே சின்னான் என்று முடிவு கட்டி, நான் வரைந்துகொண்டிருந்த வம்ச வரைபடத்தில் கோடு போட்டுவிட்டேன். அந்தச் சின்னானுக்கு இரண்டு பிள்ளைகள். ஒருவர் குப்புசாமி, எங்கள் வழி. இன்னொருவர் பெயர் இருந்த இடத்தைச் செல்லுப் பூச்சி அரித்திருந்தது.

அந்த இடத்தை அப்படியே வெறுமையாக விட்டிருந்தால் நான் இன்றைக்கு நிம்மதியாகச் சோறு தின்றுகொண்டிருப்பேன். ஒற்றைக் கிளையோடு மரம் மொட்டையாகத் தெரிந்தது. முதல் மாலை யாருக்கு என்று முடிவு செய்கிற ஊர்க்கூட்டத்தில் என் பக்கம் கை தூக்க ஆளும் வேண்டும். அப்போதுதான் நம் சம்பந்தி ராஜதுரையின் தாத்தா பெயரும் சின்னான் என்பது நினைவுக்கு வந்தது. அடடா, செல் அரித்தது இவர்கள் வழிதான் என்று தோன்றிவிட்டது. ராஜதுரையின் பெரியம்மா ராமாயி அந்த வீட்டிலேயே மூத்தவர், பழைய கதை எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஊர்க்காரர்கள் சிலரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முற்றத்தில் மிளகு காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "புளியஞ்சோலையிலிருந்து கேழ்வரகு விதையும் ஒரு சோடி மாடும் ஓட்டிக்கிட்டு மலையேறி வந்தாரே சின்னான், அவரு வழிதானுங்களா நீங்களும்?" என்று கேட்டேன். ராமாயி விருட்டென்று எழுந்தார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கைகட்டித் தலை குனிந்து நின்றார். வாயைத் திறக்கவில்லை. எங்களுக்கெல்லாம் மெய் சிலிர்த்துவிட்டது. முன்னோர் பெயர் கேட்டதும் ஒரு மனுஷி இப்படி எழுந்து நிற்பதென்றால் இதைவிட என்ன சத்தியம் வேண்டும்? அங்கேயே பேனாவை எடுத்து ராஜதுரை வீட்டை இரண்டாவது கிளையில் ஏற்றினேன்.

கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் கூடியது. வரைபடத்தை விரித்தேன். புளியஞ்சோலையிலிருந்து சின்னான் ஏறிய வழி, தங்கிய பாறை, முதலில் வெட்டிய காடு எல்லாவற்றையும் விரல் வைத்துக் காட்டினேன். பாறையும் காடும் என் யூகம்தான், ஆனால் யாரும் கேட்கவில்லை. கூட்டம் ஒத்துக்கொண்டது. இந்த வருஷ முதல் மாலை எனக்கு என்று சொல்லியாகிவிட்டது. மச்சான், அந்த நிமிஷம் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. அண்ணாமலை மட்டும் கோபப்படாமல் வரைபடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்: "ரொம்பச் சந்தோசமுங்க. அப்ப நீங்களும் ராஜதுரையும் ஒரே அப்பன் வழி வந்த பங்காளிங்க. பங்காளி ஊட்டுக்கா பொண்ணு குடுக்கறீங்க?"

நான் ராஜதுரையைப் பார்த்தேன், ராஜதுரை என்னைப் பார்த்தார். பங்காளி என்றால் அவர் எனக்குத் தம்பி முறை. அவர் மகன் யுவராஜ் எனக்கு மகன் முறை. அப்படியானால் யுவராஜும் ஆர்த்தியும் அண்ணன் தங்கை. யுவராஜ் எனக்கு மகன் என்றால் நீங்கள் அவனுக்கும் தாய்மாமன், இரண்டு பக்கமும் சீர் செய்ய வேண்டியவர். "கல்யாணம் என்னங்க ஆச்சு?" என்று யாரோ கேட்டார்கள். மாலை கைக்கு வந்த நேரம், மச்சான். வரைபடம் தப்பு என்று சொன்னால் மாலை போகும், சரி என்று சொன்னால் கல்யாணம் போகும். "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்று சொல்லிவிட்டேன். ஆர்த்தி பெண்கள் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். பார்த்த பிறகும் அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கத் தோன்றவில்லை, என்ன மனுஷனோ நான்.

அதற்கப்புறம் நடந்ததையும் கேளுங்கள். இந்தத் திங்கட்கிழமை ராஜதுரை வீட்டு வகையில் ஒரு பெரியவர் இறந்துபோனார். சம்பந்தி முறையில் கோடித்துணியும் மாலையுமாகப் போனேன். வாசலிலேயே அண்ணாமலை மறித்தார். "பங்காளி கோடி போடலாமுங்களா? பங்காளிங்க எல்லாரும் மீசை எடுக்க அந்தப் பக்கம் உக்காந்திருக்காங்க, போய் உக்காருங்க" என்றார். நான் யோசிக்கிறதற்குள் முகத்தில் சோப்பு போட்டாகிவிட்டது. ராஜதுரை ஓடிவந்து, "ஐயோ, வேண்டாமுங்க சம்பந்தி..." என்று ஆரம்பித்து, "அண்ணா..." என்று மாற்றி, இரண்டும் வேண்டாம் என்று, "ஏனுங்க, ஏனுங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றார். அதற்குள் பாதி மீசை போய்விட்டது. பாதி மீசையோடு வீட்டுக்குப் போக முடியுமா? மீதியையும் எடுக்கச் சொன்னேன். இப்போது கண்ணாடியில் பார்த்தால் வேறு யாரோ நிற்கிறார். மாடுகூடப் பால் கறக்க விடமாட்டேன் என்கிறது.

நேற்று நாமக்கல்லில் நர்ஸ் வேலை முடிந்து ஆர்த்தி வந்தாள். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. தட்டில் களியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "அப்பா, ஊரு உங்க கழுத்துல போடற மாலை வேணுமா, யுவராஜ் என் கழுத்துல போடற மாலை வேணுமா? யோசிக்காமச் சொல்லுங்க" என்றாள். களித் தட்டைத் தள்ளிவைத்தேன். "உன்னோடதுதான் கண்ணு" என்றேன். இதைச் சொல்ல இத்தனை நாள் ஆயிற்றே என்று வெட்கமாக இருந்தது. அவள் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டாள்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். நாளைக்கு மறுபடி கூடுகிற ஊர்க்கூட்டத்தில் எழுந்து, வரைபடம் தப்பு, ராஜதுரையும் நானும் பங்காளிகள் இல்லை, மாலையை அண்ணாமலையே வாங்கிக்கொள்ளட்டும் என்று சொல்லப் போகிறேன். அது தப்பா சரியா என்பது எனக்கே தெரியாது. பொய்தான் சொல்லப் போகிறேனோ என்று பயமாகவும் இருக்கிறது. ஆனால் ஒரு பொய்யால் பெண்ணின் வாழ்க்கை நிலைக்குமானால் மலையேறி வந்த சின்னான் என்னைக் கோபிக்கமாட்டார் என்று நம்புகிறேன். தாங்கள் இந்தக் கடிதம் கண்டதும் புறப்பட்டு வந்து, தாய்மாமன் என்ற முறையில் ராஜதுரையோடு பேசி, ஆர்த்திக்கும் நான்கு நல்ல வார்த்தை சொல்லி இந்தக் கல்யாணத்தை எப்படியாவது நடத்திவைக்க வேண்டும். தங்களை விட்டால் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். வரும்போது மலைப்பாதையில் பஸ்ஸில் முன்பக்கம் உட்காருங்கள், வாந்தி வராது.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத
குப்புசாமி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் ருக்குமணிக்குப் படித்துக் காட்டினேன். ராமாயி எழுந்து நின்ற இடம் வந்ததும் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். "மாமனார் பேரு காதுல உழுந்தா மருமக எந்திரிச்சு நிக்காம உக்காந்துகிட்டா இருப்பா? ராஜதுரையோட தாத்தாதானுங்க அவங்க மாமனாரு, அவருக்கும் அதே பேருதான, அதுக்காக எந்திரிச்சாங்க. உங்க அப்பா பேரச் சொல்றப்பெல்லாம் நானுந்தான் எந்திரிக்கறேன். கல்யாணமாகி வந்த நாள்லருந்து எந்திரிக்கறேன். என்னிக்காவது பாத்தீங்களா?" என்றாள். மச்சான், நான் அப்பாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இவள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போகிறாள் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் நடந்த மறுநாளே ருக்குமணி போய் ராமாயியிடம் கேட்டுவிட்டாளாம். அவர்கள் வழி மலையின் சேலூர் நாட்டுப் பக்கமிருந்து வந்து இங்கே குடியேறியதாம். நமக்கும் அவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, பங்காளியே கிடையாது. ஆக நாளைக்கு நான் சொல்லப்போவது பொய்யே அல்ல, உண்மை. பெண்ணுக்காகப் பொய் சொல்லத் துணிந்தவனுக்கு அதற்கும் கொடுத்துவைக்கவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா சேலூர் நாட்டுக்கும் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து புதுசா ஒரு வில்லங்கத்தக் கொண்டு வருவீங்க. பாப்பா பயந்துபோயிட்டா" என்று சொல்லி, அப்புறம் மீதியையும் சொன்னாள்.

போன வெள்ளிக்கிழமை காளப்பநாயக்கன்பட்டிக் கோயிலில் யுவராஜ் ஆர்த்திக்குத் தாலி கட்டிவிட்டானாம். ராஜதுரை இருந்தாராம். ருக்குமணி சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இருந்தாளாம். தாலி எடுத்துக் கொடுத்தது நீங்களாம். என் மீசை போகிறபோது ராஜதுரை "ஏனுங்க, ஏனுங்க" என்று தவித்தது எதற்கு என்று இப்போதுதான் விளங்குகிறது.

எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, இப்போது இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்ன அப்பனை வேறு என்னதான் செய்வார்கள்? எனக்குத் தெரியும் என்று ஆர்த்திக்குத் தெரிய வேண்டாம், ருக்குமணியிடமும் சொல்லிவிட்டேன். வைகாசியில் பந்தலில் அவள் புதுப்பெண்ணாக வந்து நிற்கட்டும், நானும் ஒன்றும் அறியாதவனாகக் கையைப் பிடித்துக் கொடுக்கிறேன். நீங்கள் மட்டும் சிரித்துக் கெடுத்துவிடாதீர்கள். இன்னொன்று. அந்தக் கோயிலில் தாலி ஏறுகிற நேரத்தில் ஆர்த்தி என்னைத் தேடித் திரும்பிப் பார்த்தாளா? ஒளிக்காமல் எழுதுங்கள். பார்க்கவில்லை என்றால், பார்த்தாள் என்றே எழுதுங்கள்.