பெர்சிடாவின் கப்பும் ராடிசாவின் கொழுப்பும்

பாம்! பாம்! மூன்று பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊருக்குள் நுழைந்தன. கோழிகள் சிதறி ஓடின. தேவாலயத் திருநாளுக்குக்கூட இவ்வளவு கூட்டம் வந்ததில்லை. வந்தவர்கள் அத்தனை பேரும் கொலஸ்ட்ரால்காரர்கள். பெர்சிடா அம்மாள் காப்பிக் கப்பைப் பார்த்தே மாத்திரையின் அளவைச் சொல்லிவிடுகிறாராம்!

குடித்த கப்பைக் கவிழ்த்து, ஒட்டியிருக்கும் மண்டியில் கல்யாணமும் பயணமும் பார்ப்பது எங்கள் செர்பியாவில் பழைய பொழுதுபோக்கு. பெர்சிடா அதை மருத்துவமாக உயர்த்திவிட்டார். குதிரை தெரிந்தால் பத்து மில்லிகிராம். மீன் என்றால் இருபது. பறவை தெரிந்தால் மாத்திரையே வேண்டாம். கொழுப்பு தானாகப் பறந்துவிடும். கட்டணம் கிடையாது. வாசலில் ஒரு கூடை மட்டும் இருந்தது, பாவம், அது அடிக்கடி நிறைந்துவிடும்.

லாரி ஓட்டி ஓய்வுபெற்ற ராடிசாவின் கப்பில் பறவை தெரிந்தது. மாரடைப்பு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மனிதர் மாத்திரையை இழுப்பறையில் போட்டுவிட்டு, வறுத்த பன்றிக்கொழுப்பைத் தட்டில் குவித்துக்கொண்டார்.

"உனக்குத் தெரிஞ்சது பறவை. எனக்குத் தெரியிறது சவப்பெட்டி," என்றாள் மனைவி மிலுங்கா.

மருத்துவர் சொன்னது அவளுக்கு மனப்பாடம். ஒரு முறை மாரடைப்பு வந்தவருக்கு மாத்திரையை நாற்பது மில்லிகிராமிலேயே தொடங்க வேண்டும். ஆறு வாரம் கழித்து இரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு இறங்கியது என்று பார்க்க வேண்டும். போதவில்லை என்றால் கூட்டலாம், உடம்பு தாங்கவில்லை என்றால் மாற்றலாம். இதில் குதிரையும் இல்லை, மீனும் இல்லை.

மறுநாள் காலை அவள் ஒரே பாத்திரத்தில் காப்பி போட்டாள். ராடிசாவை மூன்று கப் குடிக்க வைத்தாள். மூன்றையும் கவிழ்த்துத் தட்டில் ஏந்திப் போய், மூன்று பேர் குடித்தது என்று பெர்சிடா முன் வைத்தாள்.

பெர்சிடா கண்ணை மூடித் திறந்தார். முதல் கப்பில் குதிரை, பத்து. இரண்டாவதில் மீன், இருபது. மூன்றாவதைப் பார்த்ததும் முகம் சுளித்தார். அதில் பாம்பு, எண்பது!

மிலுங்கா கணவனைக் கூட்டத்திலிருந்து இழுத்து முன்னால் நிறுத்தினாள்.

"மூணையும் குடிச்சது இந்த ஒரே ஆளுதான். மூணும் ஒரே பாத்திரத்துல போட்ட காப்பி."

ராடிசா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்ப நான் பத்து போடணுமா, எண்பது போடணுமா, இல்ல பறக்கணுமா?"

கூட்டத்தில் சிரிப்பு வெடித்தது. காப்பித்தூள் கலப்படம் என்றார் பெர்சிடா. நம்பிக்கை இல்லாதவர்கள் தொட்டால் மண்டி பொய் சொல்லும் என்றார். அதையும் நம்பிச் சிலர் தலையாட்டினார்கள். அவர்களில் ஒருவர், பெல்கிரேடிலிருந்து வந்த தொப்பிக்காரர், பயபக்தியோடு கேட்டார்: "அம்மா, நீங்களும் கொழுப்பு மாத்திரை சாப்பிடுறதா சொன்னாங்களே. உங்க கப்புல என்ன தெரிஞ்சுது?"

தன் கப்பைத் தானே பார்க்கக் கூடாது என்று அதட்டினார் பெர்சிடா.

"அப்ப உங்களுக்கு அளவு யாரும்மா சொல்றது?"

"வேற யாரு? இரத்தம் எடுத்துப் பாத்து டாக்டர்தான். உசுரு விஷயத்துல விளையாட முடியுமாய்யா?"