இரண்டு வாவல் மீன் வந்து சேர்ந்த விவரம்

பகுதானிய வருஷம், தை மாதம் 13-ம் தேதி, வியாழக்கிழமை

கட்டுமாவடி மளிகை வியாபாரம் மகாராஜராஜஸ்ரீ சம்மந்தி ரத்தினவேல் அவர்கள் சமூகத்துக்கு, விராலிமலைப் பக்கம் ஆண்டியப்பன் கைகூப்பி எழுதிக்கொள்ளும் கடிதம்.

இவ்விடம் நானும் என் சம்சாரம் மூக்காயியும் உழவு மாடு இரண்டும் சுகம். மகள் சொர்ணவல்லியும் தங்கள் பேரனும் சுகமா என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே என்பதால் அதை ஒரு வரியில் முடிக்க முடியவில்லை. அவ்விடம் தாங்களும் சம்மந்தியம்மாளும் மாப்பிள்ளையும் கடையும் கடையிலுள்ள சரக்கும் சௌக்கியமாக இருக்க விராலிமலையானை வேண்டுகிறேன்.

தங்கள் கடை ஆள் செல்லமுத்துவிடம் கொடுத்தனுப்பிய கடிதமும் இரண்டு வாவல் மீனும் நேற்றுப் புதன்கிழமை வந்து சேர்ந்தன. கடிதம் நல்ல நிலையில் இருந்தது. பத்தியம் முடிந்து பத்து நாளாகியும் மருமகள் சரியாகச் சாப்பிடாமல் இளைத்துக் கிடப்பதாகக் கேள்வி என்றும், கடல் மீன் தின்று பழகிய வாய்க்கு இதை ஆக்கிக் கொடுங்கள் என்றும், அப்படியும் தேறாவிட்டால் வருகிற ஞாயிற்றுக்கிழமை பிளசர் கார் வைத்துக்கொண்டு வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போகிறோம் என்றும் அதில் எழுதியிருந்தீர்கள். சம்மந்தி, தலைப்பிள்ளைக்கு வந்த பெண்ணை ஐந்தாம் மாதம் நாள் பார்த்துச் சீர் வைத்து அனுப்புவதுதான் எங்கள் வழக்கம். ஐம்பதாம் நாளே பிளசர் வந்து வாசலில் நின்றால், மகளுக்குச் சோறு போட முடியாமல் ஆண்டியப்பன் அனுப்பிவிட்டான் என்று ஊர் பேசும். ஊர் பேசுவதுகூடப் போகட்டும். பேரன் இப்போதுதான் என் குரலைக் கேட்டால் தலையைத் திருப்புகிறான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டுத் தாங்களே சொல்லுங்கள்.

அவள் சாப்பிடவில்லை என்பது வாஸ்தவம். நான் சும்மா இருக்கவில்லை. பெரிய குளத்தில் ஆள் இறக்கி, கை நீளத்துக்கு விரால் பிடித்துக்கொண்டுவந்து குழம்பு வைக்கச் சொன்னேன். ஒரு வாய் வைத்தவள், "சேத்து வாடை அடிக்குதுப்பா" என்று தட்டைத் தள்ளிவிட்டாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் விரால் தலைக்காக என்னோடு சண்டை போட்டவள், சம்மந்தி. தங்கள் வீட்டுச் சாப்பாட்டை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கும் சோறு இறங்கவில்லை.

இது இப்படி இருக்க, நேற்று நானும் பக்கத்து வீட்டு வீரய்யாவும் ரோட்டோரம் பேசிக்கொண்டு நின்றோம். செல்லமுத்து பஸ்ஸைவிட்டு இறங்கி ஓலைப்பெட்டியைத் திறந்து காட்டினான். மீன் இரண்டும் தட்டையாக இருந்தன. எங்கள் பக்கம் மீன் என்றால் உலக்கை மாதிரி உருண்டையாக இருக்கும். பஸ்ஸில் எவனோ பெட்டிமேல் உட்கார்ந்து வந்திருக்கிறான் என்று நினைத்து, "ஏம்ப்பா, மீனு மேலயா ஆள ஒக்கார வச்சுக் கூட்டியாந்தே" என்று கேட்டேன். "அதோட பொறப்பே அப்படித்தாங்க" என்றான். வீரய்யா அதன் வயிற்றில் ஒரு விரலால் குத்திப் பார்த்துவிட்டு, "துள்ளலையே, செத்துல்ல கெடக்கு" என்றார். துள்ளாத மீனை எங்கள் ஊரில் யாரும் கையால் தொடமாட்டார்கள். கடல் மீனுக்குக் கரைக்கு வந்து சேருமுன்னமே உயிர் போய்விடும் என்று செல்லமுத்து எவ்வளவோ சொன்னான். வீரய்யா வீடு வந்து சேரும் வரைக்கும் நம்பவில்லை, இன்றைக்கும் நம்பவில்லை.

பெட்டிக்குள் மீனைச் சுற்றி, புதுக்கோட்டை சோடாக்கடையில் வாங்கிய ஐஸ் கட்டியை உமியில் புதைத்து வைத்திருந்தான். நல்ல யோசனைதான். ஆனால் மூக்காயி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பச்சை ஒடம்புக்காரி இருக்கிற வீட்டுக்குள்ள இம்புட்டுக் குளிரக் கொண்டாறீங்களே, சன்னி கண்டா யாரு பாக்குறது" என்று ஒரு சண்டை பிடித்தாள். ஐஸ் எருக்குழிக்குப் போயிற்று. தெருவே திரண்டு போய் எருக்குழியைப் பார்த்துவிட்டு வந்தது. பேரன் பிறந்ததைப் பார்க்க வராதவர்கள்கூட ஐஸைப் பார்க்க வந்தார்கள். செல்லமுத்து என் பின்னாலேயே வந்து, "எங்க மொதலாளியம்மா ஒரு சேதி சொல்லிவிட்டாக" என்று மூன்று தரம் ஆரம்பித்தான். மூன்றாவது தரம் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மீனப் பத்தி எங்கிட்டயா சொல்ல வார? அங்கிட்டுக் கெணறு இருக்கு, போயிக் குளிச்சிட்டு வா" என்று துண்டைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவனும் வழி அலுப்பில் நிதானமாகக் குளித்தான். அந்த நேரத்தில்தான் எல்லாம் நடந்தது.

எங்கள் வழக்கப்படி, வீட்டுக்கு மீன் வந்தால் பானை நிறையத் தண்ணீர் ஊற்றி அதில் விட்டு, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வைப்போம். எத்தனை நாளானாலும் கெடாது. பானையில் ஏற்கெனவே ஒரு விரால் கிடந்தது, பேச்சுத்துணைக்கு ஆச்சு என்று வாவல் இரண்டையும் அதிலேயே விட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டை எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஊறித் தளர்ந்து மிதந்தன, ஒன்றுக்கு வாலைக் காணோம். விரால் அடியில் ஒன்றும் தெரியாத மாதிரி கிடந்தது.

அடுத்தது தேய்ப்பு. தன் பெருமையைத் தானே எழுதக்கூடாது, ஆனாலும் மீன் தேய்ப்பதில் எங்கள் ஊரில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. நாலு வீட்டு விராலை என்னிடம்தான் கொண்டுவந்து போடுவார்கள். சாம்பலும் உப்பும் புளியும் வைத்துக் கருங்கல்லில் அழுத்தித் தேய்த்தால் அதன் வழுவழுப்பெல்லாம் போய், கறுத்த தோல் வெளுத்து வரும். வெளுத்ததும் நிறுத்திவிட வேண்டும், அதுதான் அடையாளம். தங்கள் வாவல் வரும்போதே வெள்ளையாக இருந்ததால் எங்கே நிறுத்துவது என்று எனக்குப் பிடிபடவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் தேய்ப்போம் என்று தேய்த்தேன். ஒரு கட்டத்தில் கைக்குக் கல் மட்டும் தட்டுப்பட்டது.

மற்றதை மூக்காயி என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய், துண்டு போட்டு, புளியைக் கரைத்து ஊற்றியதுமே குழம்பில் போட்டுவிட்டாள். விரால் கெட்டி மீன், அது வேக நேரமாகும். அதே கணக்கில் அடுப்பை எரியவிட்டுவிட்டு, சன்னிக்கு முன்ஜாக்கிரதையாகச் சுக்கு இடிக்கப் போய்விட்டாள். செல்லமுத்து ஈர வேட்டியோடு வந்து சட்டியை எட்டிப் பார்த்தான். "மீனு எப்பங்க போட்டீங்க" என்றான். "நீ குளிக்கப் போனப்ப" என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு விரலை மடக்கிச் சொன்னான்: "தண்ணியில போடக் கூடாது. கல்லுல தேய்க்கக் கூடாது. கொழம்பு கூடி வந்த பொறவு போட்டு ரெண்டே கொதியில எறக்கிப்புடணும். இதுதாங்க அம்மா சொல்லிவிட்டது." இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன என்று சத்தம் போட்டேன். அவன் வேட்டி முனையைப் பிழிந்தான். நல்ல மனுஷன், சம்மந்தி, அவனுக்குச் சம்பளம் போதாது.

இருந்த ஒரு வழியும் போச்சு, ஞாயிற்றுக்கிழமை பிளசர் வந்துவிடும் என்று அடுப்படியில் நின்றேன். மீன் வாடை கண்டு சொர்ணவல்லி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தானாகவே எழுந்து வந்து தட்டு முன்னால் உட்கார்ந்தாள். நான் கரண்டியை விட்டுத் துழாவினேன். ஒரு துண்டின் நடுமுள் மட்டும் சீப்பு மாதிரி வந்தது. அதைச் சோற்றின் மேல் வைத்தேன்.

"என்னப்பா இது?"

"வாவல்தான், ஆத்தா."

"ரெண்டு வந்துச்சுன்னு சொன்னீங்க. இன்னொண்ணு எங்க?"

நான் கொல்லையில் கிடந்த கல்லைக் காட்டினேன். அவள் கல்லைப் பார்த்தாள், என் கையில் அப்பியிருந்த சாம்பலைப் பார்த்தாள், தட்டிலிருந்த முள்ளைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. பிள்ளை விழித்துக்கொண்டு அழுதான், அவனை வாங்கிக்கொண்ட செல்லமுத்துவும் சிரித்தான். "பச்சை ஒடம்புடி, இப்படிச் சிரிச்சா காத்துப் புகுந்துக்கிரும்" என்று அதட்ட வந்த மூக்காயி கல்லைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளை பெற்ற நாளிலிருந்து என் மகள் சிரித்து நான் பார்க்கவில்லை, சம்மந்தி. கரைந்துபோன மீன் எங்கே போயிருக்கும், குழம்பில்தானே இருந்தது. அதை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள். "அத்தை வைக்கிற மாதிரி இல்லப்பா, இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க" என்றாள். மூன்று தரம் சோறு வாங்கினாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கேட்டவர்களுக்கு அடுப்புப் புகை என்று சொன்னேன்.

இன்று காலையிலும் கொல்லைக்குப் போனாள், கல்லைப் பார்த்தாள், சிரித்தாள், வந்து நாலு தோசை சாப்பிட்டாள். ஆகவே பிளசர் வேண்டியதில்லை. விராலிமலை முருகனுக்கு அந்தக் கோயில் வழக்கப்படி சுருட்டு வைப்பதாக நேர்ந்திருக்கிறேன், தையிலேயே வைத்துவிடுவேன். கடல் மீனும் இனிமேல் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். தட்டை மீன் ஒன்று இந்த வீட்டு வாசப்படி ஏறினால் என் பேர் ஆண்டியப்பன் இல்லை.

சம்மந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும், கல் விஷயத்தைச் சொல்ல வேண்டாம். மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். பேரன் தன் பங்குக்கு எல்லோருக்கும் காலை உதைத்துக் காட்டுகிறான். செல்லமுத்து வாயாலும் விவரம் வரும், அதில் பாதியை நம்பினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் சம்மந்தி
ஆண்டியப்பன்

பின்குறிப்பு: எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி இதைச் சொர்ணவல்லியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "எல்லாஞ் சரிதாப்பா, பிளசர் வேணாம், மீனு வேணாங்கிறத மட்டும் அடிச்சிருங்க" என்றாள். அடித்தால் கடிதம் அசிங்கமாகிவிடும் என்பதால் இங்கே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பிளசர் வரட்டும். அதில் சம்மந்தியம்மாள் வந்து பத்து நாள் பேரனோடு இருக்கட்டும், திரும்பும்போது அவர்கள் மட்டும் போனால் போதும். வரும்போது வாவல் இரண்டு கொண்டுவரவும். ஒன்று சம்மந்தியம்மாள் ஆக்குவதற்கு. இன்னொன்று நான் தேய்ப்பதற்கு, மகள் கேட்கிறாள்.