மறிச்சுக்கட்டி போய் வரும் பற்றரி

தாழ்வுபாடு, மன்னார்.
28.07.2015

அன்பு மருமகன் நிறோஜனுக்கு மாமா அமிர்தநாயகம் எழுதுவது. கொழும்பில் உங்களையும் மகள் சுகந்தினியையும் மடு மாதா காக்கட்டும். இங்கே நானும் மாமி பிரான்சிஸ்காவும் சுகம். மாமியின் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது புதிதுமல்ல.

எங்களுக்கு வாங்கித்தரப்போகும் மின்சாரக் காரில் சின்னப் பற்றரி நூற்றிருபது கிலோமீற்றர் ஓடும், பெரியது நூற்றெழுபது ஓடும், ஒரு கிழமை ஓட்டத்தைக் குறித்துவிட்டு எது வேண்டுமென்று சொல்லுங்கோ என்றிருந்தீர்கள். குறித்தேன். டவுனுக்குப் போக ஆறு, வர ஆறு. ஆனால் மோட்டார்சைக்கிள் காட்டியது இருபத்தொன்று. வழியில் கை காட்டுகிறவரை ஏற்றாமல் போக எனக்கு வராது, ஏற்றியவரை அவர் வீட்டுப் படலையில் இறக்காமல் விடவும் வராது. ஆனாலும் மருமகன், டவுனுக்குப் போகவா எனக்குக் கார்? வஸீரைப் பார்க்கத்தான் கார். சிலாவத்துறையில் என்னோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவன். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வெளியேற்ற அவன் புத்தளம் போனான், சண்டைக்குத் தப்பி நான் இராமேஸ்வரம் போனேன், போய்வருகிறேன் என்று சொல்லக்கூட நேரம் கிடைக்கவில்லை. இப்போது அவன் மறிச்சுக்கட்டிக்குத் திரும்பி வந்து ரெலிபோனில் மட்டும் கத்திக்கொண்டிருக்கிறான். அங்கே போக ஐம்பத்தைந்து, வர ஐம்பத்தைந்து. சின்னப் பற்றரி போதும், பத்துக் கிலோமீற்றர் மிச்சம் என்று நினைத்தேன்.

எதற்கும் ஓடிப் பார்ப்போமென்று எங்கள் ஊர்ப் பெனடிக்ற் மாஸ்டரிடம் இருக்கும் அதே சின்னப் பற்றரிக் காரை இரவல் வாங்கினேன். "பற்றரி பாதிக்கு வந்த உடன திரும்பிடுங்கோ" என்று மூன்று தரம் சொல்லித் திறப்பைத் தந்தார். மாமிக்கு ஏசி வேண்டும், வஸீருக்குக் கொண்டுபோன கருவாட்டு மணத்துக்கு யன்னலும் திறக்கவேண்டும், இரண்டையும் செய்துகொண்டு போனோம். நடுவில் இரண்டு பேரை ஏற்றி இரண்டு ஒழுங்கைக்குள் இறக்கினோம். வஸீர் வீட்டுக்கு இன்னும் பதினைந்து கிலோமீற்றர் கிடக்க, பற்றரி பாதிக்கு வந்துவிட்டது.

"இஞ்சேருங்கோ, பாதியாப் போச்சு. திரும்புவம்" என்றா மாமி.

"இருபத்தைஞ்சு வருஷம் பொறுத்தனான். இந்தப் பதினைஞ்சு கிலோமீற்றருக்குத் திரும்புறதோ?" என்று நான் மிதித்தேன்.

வஸீர் றோட்டிலேயே நின்றான். தலை முழுக்க நரை. கட்டிப்பிடித்து இரண்டு பேரும் அழுதோம், மருமகன், மறைக்க என்ன இருக்கிறது. பிறகுதான் காரைப் பார்த்து, "இதென்ன மச்சான், சத்தமில்லாம வந்து நிக்குது!" என்றான். குசினி யன்னலால் வயரை இழுத்துச் சார்ஜில் போட்டோம். நிரம்ப ஒரு இரவு வேண்டுமென்றேன். "அப்ப நாளைக்குத்தான் பயணம்" என்று வஸீர் கோழி பிடிக்கப் போனான். விடிய எழும்பிப் பார்த்தால் பற்றரி நேற்று இருந்த இடத்திலேயே இருக்கிறது. பிளக் கழன்று கிடக்கிறது. வஸீரின் மகள் பர்ஸானா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வாப்பாதான் கழட்டினவர்" என்றாள். "மழை வரப்பாத்திச்சு மச்சான், கரண்ட் அடிச்சிரும்" என்றான் அவன். ஆடி மாதத்து மறிச்சுக்கட்டியில் மழை! அடுத்த நாளும் அதே மழை வரப்பார்த்தது. மூன்றாம் இரவுதான் பிளக்கைக் கழற்றாமல் விட்டான். ஆக மூன்று நாள் நின்றோம். மாமி முழங்காலையே மறந்துபோனா. பெனடிக்ற் மாஸ்டர்தான் காருக்கு என்னவோ ஏதோவென்று பொலிசுக்குப் போகப் பார்த்தாராம்.

ஆகவே நன்றாக யோசித்துச் சொல்கிறேன், சின்னப் பற்றரியையே எடுங்கோ. பெரியதென்றால் அன்று பின்னேரமே திரும்பியிருப்பேன், அந்த மூன்று நாள் எனக்குக் கிடைத்திராது.

ஆண்டவருடைய ஆசீர் உங்கள் இரண்டு பேருக்கும் நிறைவாய் இருக்கட்டும்.

உங்கள் மாமா,
அமிர்தநாயகம்

பி.கு: தபாலில் போடுமுன் இதை வஸீருக்கு ரெலிபோனில் வாசித்துக் காட்டினேன். கெட்ட கோபம் வந்துவிட்டது. "விசரா, பற்றரி முடிஞ்சாத்தான் என்ர வீட்டில தங்குவியா? பெரிசை எடு. பற்றரி நிறைய இருக்கக்குள்ளயும் தங்கிக் காட்டு" என்று வைத்துவிட்டான். பெரியதையே எடுங்கோ, மருமகன்.