குனிந்து லேஸ் கட்டுகிறவர்

நெடுந்தூர ஓட்டக்காரர்களில் ஒரு தனி ரகம் உண்டு. ஓடி ஓடித் தேய்ந்தவர் அல்லர். ஓட ஆரம்பித்துச் சில வாரங்களே ஆனவர். அடையாளம் காண்பது எளிது. விடிகாலையில் நடைபாதை விளிம்பில் ஒரு காலைத் தூக்கி வைத்து, குனிந்து, லேஸ் கட்டிக்கொண்டிருப்பார். நீங்கள் பால் வாங்கப் போகும்போது கட்டிக்கொண்டிருப்பார். வாங்கிக்கொண்டு திரும்பும்போதும் கட்டிக்கொண்டிருப்பார். இப்படி அவிழ்கிற லேஸை எந்தக் கம்பெனி தயாரிக்கிறது என்று வியக்காதீர்கள். லேஸ் அவிழவே இல்லை. மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான்.

இந்த ரகத்துக்கு அசல் உதாரணம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். வயது நாற்பத்தாறு. மகள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பையோடு ஒரு நாள் காலையில் பள்ளிப் பேருந்தைத் துரத்தினார். முப்பது அடிதான் இருக்கும். பையைக் கொடுத்துவிட்டு, பேச்சு வராமல் பேருந்தின் படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டு வயது மகள் இறங்கி வந்து அவர் முதுகைத் தடவிவிட்டுக் கேட்டாள்: “அப்பா, நீங்க செத்துப் போயிடுவீங்களா?”

பேருந்து போய்விட்டது. கேள்வி போகவில்லை. அவளுக்காகவாவது ஓடியே தீருவது என்று அன்றே முடிவு செய்தார்.

முடிவு செய்தவர் உடனே ஓடினாரா? அதெப்படி! முதலில் இதயத் துடிப்பை எண்ணும் கைக்கடிகாரம் வாங்கினார். பிறகு வியர்வையை உறிஞ்சும் சட்டை, இடுப்பில் இரண்டு குட்டித் தண்ணீர் பாட்டில்களைச் செருகும் பட்டை, வலது காலுக்கு வேறு இடது காலுக்கு வேறு என்று எழுத்துப் போட்ட காலுறை, இவ்வளவையும் மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நின்று, பக்கவாட்டில் திரும்பி வயிற்றை எக்கிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் தெருவில் இறங்கினார். முந்நூறு மீட்டரில் கண் இருட்டியது.

அங்கேதான் அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்தார். கடிகாரத்தின் பக்கவாட்டில் இருந்தது. அமுக்கினால் நேரம் நின்றுவிடும். மறுபடி அமுக்கினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். நிற்கிற நேரம் ஓட்டத்தில் சேராது. நியாயம்தானே? அன்றிலிருந்து ஓடுவார், அமுக்குவார், குனிவார், லேஸ் கட்டுவார், நிமிர்வார், அமுக்குவார். ஊருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். கடிகாரத்துக்கு நாற்பத்திரண்டு நிமிடம்.

“பாரும்மா, ஏழு கிலோமீட்டர்” என்று மகளிடம் கையை நீட்டுவார்.

“நிக்காமலாப்பா?”

“கடிகாரத்தைப் பாரு. பொய்யா சொல்லுது?”

அவள் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்தாள்.

கடையில் நடப்பது இன்னொரு கதை. கண் பரிசோதனைக்கு வந்து, மூக்கின் மேல் இரும்புச் சட்டத்தோடு எழுத்துப் பலகையைப் பார்த்து உட்கார்ந்திருப்பவரால் எழுந்து ஓட முடியாது இல்லையா? “ஸ்டாமினா ஒரே நாள்ல வந்துடாது சார். வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டணும். ஓடும்போது பேச முடியணும். பேச முடியலையா, வேகம் அதிகம்னு அர்த்தம்.”

“கடைசி வரி தெரியலைங்க.”

“அது கிடக்கட்டும். மூச்சைப் பத்திச் சொல்லிட்டிருக்கேன்.”

அவருடைய மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவர். அவரும் பழைய கேன்வாஸ் ஷூவோடு கிளம்பினார். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. அடுத்த வாரம் இரண்டு நிமிடம் ஓட்டம். இப்படியே ஏற்றிக்கொண்டு போனார். ஓடும்போதே காதில் போனை மாட்டிக்கொண்டு அக்காவிடம் மாமியாரைப் பற்றி விரிவாகப் பேசுவார்.

“இதுக்குப் பேரு ஓட்டமா? அரட்டை” என்றார் கண்ணாடிக்காரர்.

“ஓடும்போது பேச முடியணும்னு நீங்கதானே கடையில சொல்றீங்க?”

“அது கஸ்டமருக்கு.”

நான்காவது மாதம் பத்து கிலோமீட்டர் போட்டி வந்தது. இருவரும் பெயர் கொடுத்தார்கள். ஒரு மணி இருபது நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அந்தக் கணக்குக்குப் பின்தங்குகிறவர்களை ஏற்றிக்கொள்ளக் கடைசியில் ஒரு வேன் வரும். எல்லைக் கோட்டில் பதக்கம் போடுவது பள்ளிப் பிள்ளைகள். மகளும் அதில் ஒருத்தி. அவள் கையால் அவர் கழுத்தில் பதக்கம் விழ வேண்டும். அந்தக் காட்சிக்கு ஏற்றபடி முந்தின நாள் புது ஷூ வாங்கினார், இருப்பதிலேயே விலை கூடியது.

துப்பாக்கி வெடித்ததும் பறந்தார். மூன்று கிலோமீட்டர் வரை எல்லோரும் வழி விட்டார்கள். நான்கில் கண் இருட்டியது. வழக்கப்படி பொத்தானை அமுக்கினார், காலைத் தூக்கி வைத்தார், குனிந்தார்.

ஷூவில் லேஸ் இல்லை.

ஒரு குமிழ் இருந்தது. திருகினால் இறுகும். திருகினார். ஒரு மனிதன் எவ்வளவு நேரம்தான் குமிழைத் திருகுவது? தெரு முனையில் இருந்த போட்டிக் கடிகாரம் இவர் பொத்தானை மதிக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் கடந்து போன பிறகு, கடைசி ஆளாக மனைவி வந்தார்.

“என்னங்க ஆச்சு?”

“லேஸ்...”

“அதுலதான் லேஸே கிடையாதே!”

அவர் குமிழை இன்னும் ஒரு சுற்றுத் திருகினார்.

“என்கூட மெதுவா வாங்க.”

“நீ போ. நான் பின்னாலேயே வந்து பிடிச்சிடறேன்.”

பிடிக்கவில்லை. வேன்தான் அவரைப் பிடித்தது.

மீதி ஆறு கிலோமீட்டரும் வேனின் முன் கண்ணாடி வழியாக மனைவியின் முதுகையே பார்த்துக்கொண்டு போனார். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நேரம் அதைப் பார்த்ததில்லை. ஒன்பதாவது கிலோமீட்டரில் அந்த முதுகு தளர்ந்தது. “கொஞ்சம் மெதுவாப் போங்களேன்” என்று டிரைவரைக் கெஞ்சினார். நான்காவது கிலோமீட்டரிலேயே நிறுத்தி வைத்த கடிகாரம் கையில் மின்னி, இதுவரை ஓடியதில் இதுவே உங்கள் சிறந்த வேகம் என்று வாழ்த்தியது.

இரண்டு நிமிடம் மீதி இருக்கையில் மனைவி கோட்டைத் தொட்டார். வேன் வளைவில் நின்றது. டிரைவர் குரலைத் தாழ்த்தினார். “இங்கேயே இறங்கிக்குங்க சார். இங்கேருந்து நூறு மீட்டர்தான். ஓடிப் போனா யாருக்குத் தெரியப் போகுது? நிறையப் பேர் அப்படித்தான்.”

இறங்கினார். தூரத்தில் மகள் பதக்கத்தின் ரிப்பனை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை தானாகப் பொத்தானுக்குப் போனது. பிறகு என்ன தோன்றியதோ, கையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

“நிக்காம வந்தீங்களாப்பா?”

“நின்னுட்டேன்மா. நாலுலயே நின்னுட்டேன். தினமும் அப்படித்தான், நின்னு நின்னுதான்.”

மகள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பதக்கத்தை ரிப்பனோடு சுருட்டிப் பெட்டியிலேயே போட்டாள். பிறகு அன்று செய்தது போலவே முதுகைத் தடவினாள். “ஆனா இன்னிக்கு மூச்சு வாங்கலையே!”

“வேன்ல வந்தா எப்படிம்மா வாங்கும்?”

இப்போது கணவனும் மனைவியும் ஒன்றாக ஓடுகிறார்கள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று முதலிலிருந்து. திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? கடைக்குப் போய்ப் பாருங்கள். “மெதுவா ஓடறதுதான் சார் ரகசியம். யாரும் சொல்லித் தரல, நானே கண்டுபிடிச்சது.”

நீங்கள் சிரிக்கிறீர்கள். ஓடுகிற பழக்கமே உங்களுக்கு இல்லை, உங்களுக்கு என்ன? ஆனால் இந்த நாலு பக்கத்தைப் படிப்பதற்குள் இரண்டு முறை போனைப் பார்த்தீர்கள், ஒரு முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தீர்கள். நாளைக்கு யாராவது கேட்டால் ஒரே மூச்சில் படித்தேன் என்றுதானே சொல்லப் போகிறீர்கள்? பரவாயில்லை, குனிந்து லேஸைக் கட்டிக்கொள்ளுங்கள். செருப்புதான் போட்டிருக்கிறீர்கள் என்பதை நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.